வாய்மேல் விரல்

காட்டுப் பள்ளிக்கூடத்தில் மணியைக் காணவில்லை. தலைமையாசிரியர் கழுதைப்புலி வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் வாய்மேல் விரல் வைத்துக்கொண்டன. சார் வந்தால் அப்படித்தான் உட்கார வேண்டும்.

கழுதைப்புலி அணிலை முன்னால் இழுத்து நிறுத்தியது. "மணியை நீதானே எடுத்தே? சொல்லு!"

அணில் விரலை எடுத்தது. "இல்லீங்க சார், நான்..."

"விரலை எடுக்கச் சொன்னேனா?"

அணில் மறுபடியும் விரலை வைத்தது.

"பாத்தீங்களா, வாயே திறக்கலை. இதுதான் திருடியிருக்கு. நாளையிலேர்ந்து பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதே!"

கயிறு அறுந்து மணி கிணற்றுக்குள் விழுந்ததைக் கடைசி பெஞ்சு முயல் கண்ணால் பார்த்திருந்தது. வாசலைத் தாண்டும்போது அணில் முயலைத் திரும்பிப் பார்த்தது.

முயல் இன்னொரு கையையும் எடுத்து வாய்மேல் வைத்துக்கொண்டது.