சவர்க்கார நுரை

மூன்றாம் முறையும் நுரை பொங்கியது.

காஸ் சிலிண்டரில் குழாய் வந்து பொருந்துகிற நட்டின்மேல் கோப்பை கழுவும் சவர்க்காரத் தண்ணீரைத் தடவியிருந்தேன். கசிவில்லை என்றால் தண்ணீர் சும்மா வழிந்துவிடும். இது குமிழ் குமிழாக வந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் உதயகுமாரி தட்டோடு வந்தாள். தட்டில் தேங்காய், குங்குமம், ஒரு பிடி கற்பூரம். வண்டியின் நாலு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் ஏற்கெனவே வைத்தாயிற்று. வண்டி எண்பத்தொன்பதாம் ஆண்டுப் பழசு. ஆனால் எங்களிடம் வந்து மூன்று நாள்தான் என்பதால் அவளுக்கு அது புது வாகனம்.

“கற்பூரத்தைக் கொளுத்தினியெண்டால் எல்லாரும் ஒண்டாப் போய்ச் சேருவம். தட்டை அங்காலை கொண்டு போ பிள்ளை.”

அவள் நின்ற இடத்தில் நின்றாள்.

சிலிண்டரின் திருகைப் பூட்டினேன். சாரதி இருக்கைக்கு மேலுள்ள படுக்கையில் ஏறியிருந்த பேரப்பிள்ளைகள் இரண்டையும் இழுத்து இறக்கினேன். நாளைக்குத் தொடங்கும் இரண்டு கிழமைப் பயணத்தில் அதில்தான் அவர்கள் படுக்க இருந்தார்கள்.

படுக்கையும் அடுப்பும் உள்ள இந்த வண்டியை நோர்வேக்காரர் பூபில் என்பார்கள். லோறென்ஸ்கூக்கில் ஒரு வெள்ளைக் கிழவனிடம் இதை வாங்கி வந்தவன் என் மருமகன் நடராஜன். இந்தியாக்காரன். கணினி வேலை. ஒரு ஆணி நேராக அடிக்கத் தெரியாது.

வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. விற்றவர் ரொம்ப நல்லவர் என்றான். விற்கிறவன் எவன் கெட்டவனாக முகம் காட்டுவான்?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஒஸ்லோவில் பதினெட்டு வருடம் பஸ் கராஜில் பஸ் கழுவினேன். கண்ணை மூடிக்கொண்டு கழுவவில்லை.

வண்டி நாங்கள் இருக்கிற எல்லிங்ஸ்ருட்டுக்கு வந்த அன்றே அடியில் புகுந்து பார்த்தேன். டயர் பார்வைக்குப் புதுசு, பக்கத்தில் பொறித்திருந்த ஆண்டு எண் பத்து வருடப் பழசு. தீயணைப்புக் கருவியின் திகதி தொண்ணூற்றேழோடு முடிந்திருந்தது. ஜன்னல் மூலையை விரலால் அமத்தினால் பலகை பாண் மாதிரி மெத்தென்று உள்ளே போனது.

ஒவ்வொன்றாகச் சொல்லி ஏசினேன். நடராஜன் வாய் திறக்காமல் ஒவ்வொன்றாக மாற்றினான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆம்பிளை என்றால் திருப்பி ஒரு சொல் கதைக்க வேண்டாமா?

இப்போது காஸ்.

கிழவனைக் கூப்பிடு என்றேன். நடராஜன் போனில் மரியாதையாகக் கதைக்கத் தொடங்கினான். பறித்து நானே கதைத்தேன். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழி வேலைக்கும் ஏச்சுக்கும் மட்டும்தான் காணும். பிள்ளைகள் அன்று இரண்டு புதுச் சொல் படித்தார்கள்.

கால் மணித்தியாலத்தில் கிழவன் வந்தான். என் வயதுதான் இருக்கும். நான் விடவில்லை. பிள்ளைகள் படுக்கிற இடம் இது என்றேன். கறுவல் தானே, செத்தாலும் யார் கேட்பார்கள் என்று நினைத்தாயா என்றேன். அவனுக்குப் பாதி விளங்கியிருக்கும். குனிந்து, நட்டில் ஸ்பனரை வைத்தான்.

வைத்துக் கழற்றுகிற பக்கம் திருப்பினான்.

பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். அவன் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் அதே பக்கம் திருப்பினான். சிலிண்டரைத் திறந்தான். சவர்க்காரத் தண்ணீரைத் தடவினான்.

தண்ணீர் சும்மா வழிந்தது.

காஸ் நட்டுக்கு மரை மறுபக்கமாம். மற்ற நட்டுப்போல நினைத்து இறுக்கினால் கழன்றுவிடுமாம். விரலைச் சுழற்றிச் சுழற்றி நடராஜனுக்குக் காட்டினான். சைக்கிளின் இடப்பக்கப் பெடலும் அப்படித்தான். அதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பிறகு கிழவன் எங்கள் எல்லோரையும் பார்த்தான். தரும்போது கசிவு பார்த்துத்தான் தந்தேன், அதற்குப் பிறகு இதில் கை வைத்தது யார் என்று கேட்டான்.



நடராஜன் கையை உயர்த்தினான். கிழவனுக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னான். பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னான்.

“நான்தான் டைட் பண்ணேன். லூசா இருக்கிற மாதிரி தோணுச்சு.”

உதயகுமாரி வெடித்தாள். தெரியாத வேலையில் ஏன் கை வைத்தாய், பிள்ளைகளுக்கு ஏதும் நடந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று வெள்ளைக்காரன் முன்னாலேயே கேட்டாள். கிழவன் ஸ்பனரைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டான்.

நான் அவளைவிட அதிகம் ஏசினேன். கணினி தட்டுகிற கைக்கு இதெல்லாம் எதற்கு என்றேன். சொந்தப் பிள்ளைகளைக் கொளுத்தப் பார்த்தாயே என்றேன். இந்தியாக்காரனுக்குப் பெண் கொடுத்தது என் பிழை என்றும் சொன்னேன்.

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நேற்று மாலை, யாரையும் நம்பாமல், நான் தனியாகக் கீழே போய் அந்த நட்டை இறுக்கினேன். அது அரைச் சுற்றுப் போனதும், தளர்ந்திருக்கும் என்று நான் நினைத்தது சரி என்று சந்தோஷப்பட்டேன். அப்போது மேலே பல்கனியில் நின்று, “மாமா, சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டவன் நடராஜன்.