பரிச பாட்டில்

"மது உள்ளே வரக்கூடாது" என்று காவலாளி மறுபடியும் சொன்னான்.

கொனாடு கைப்பைக்குள் இருந்த பாட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சதுரமான பச்சைக் கண்ணாடி பாட்டில். உள்ளே ஜின். மூடியின் முத்திரை கலையவில்லை.

"குடிக்கிறதுக்கு இல்ல தம்பி. இது சாட்சி."

"சாட்சியோ சாமியோ, இது உள்ள போகாது. குப்பைத்தொட்டி அங்க இருக்கு." அருகில் நின்ற ஃப்ரேமாவிடம் திரும்பினான். "உங்கம்மாவுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா."

ஃப்ரேமா தலையைக் குனிந்துகொண்டாள். பின்னால் வரிசை முனகியது. நியூயார்க்கின் டிசம்பர்க் குளிரில் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

உள்ளே, குடியேற்ற அலுவலகத்தில், இன்னும் சிறிது நேரத்தில் ஃப்ரேமாவின் பெயரைக் கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது இல்லையென்றால், அடுத்த தேதி எப்போது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதற்குள் விமானம் ஏற்றிவிட்டாலும் கேட்க ஆளில்லை.

கல்யாணத்தின் பேரில் அவளுக்குத் தந்த பச்சை அட்டைக்கு இரண்டு வருடம்தான் ஆயுள். அதன்பின் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நிலைக்கும். புருஷன் கழன்றுகொண்டால் அவள் ஒருத்தியாக வந்து நிற்கவேண்டும். கல்யாணம் உண்மையாக நடந்தது என்றும் காட்டவேண்டும், உண்மையாக முடிந்தது என்றும் காட்டவேண்டும்.

"ரெண்டையும் ஒரே வாயால சொல்லணுமா? கட்டினவன் ஒண்ணும் சொல்ல வேண்டாமா?" என்று கொனாடு வக்கீலிடமே சண்டைக்குப் போனாள்.

கட்டினவன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். ஓவுசு. நெவார்க்கில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்த கையோடு, 'அட்டைக்காகத்தான் என்னைக் கட்டினாள்' என்று அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டிருந்தான்.

அட்டைக்காகக் கட்டியவளா, அவனுடைய இரவு டாக்சிக்குத் தூங்காமல் சோறு கட்டிக் கொடுத்தாள்? அட்டைக்காகக் கட்டியவளா, கொனாடு இடுப்பு ஒடிந்து படுத்தபோது மலம் மூத்திரம் அள்ளினாள்? 

பிராங்க்ஸிலிருந்து வரும் ரயில் முழுக்கக் கொனாடு அவனைத் திட்டித் தீர்த்திருந்தாள். "அவனைப் பெத்தவ வயித்துல பிரண்டைய வச்சுத்தான் கட்டணும்" என்று அவள் போட்ட போட்டில், எதிரே இருந்தவர் மொழி புரியாமலே இடம் மாறி உட்கார்ந்தார்.

வக்கீல் ஆதாரங்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஃப்ரேமா வாடகைச் சீட்டையும் கல்யாணப் படங்களையும் அடுக்கி வைத்திருந்தாள். கொனாடுவுக்கு அதெல்லாம் ஆதாரமாகவே படவில்லை. படம் எடுத்தால் திருடனும்தான் சிரிப்பான். கானாவில், அவர்களுடைய குமாசியில், மாப்பிள்ளை வீட்டார் பாட்டில் வைக்கவேண்டும். பெரியவர்கள் அதைத் தரையில் ஊற்றி, செத்துப்போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அறிவிக்கவேண்டும். அதுதான் கல்யாணம். அன்றைக்கு ஒரு பாட்டிலை ஊற்றினார்கள். இது அதன் ஜோடி.

அதைத்தான் இந்தப் பயல் குப்பையில் போடச் சொல்கிறான்.

"போட்டுடுங்கம்மா" என்றாள் ஃப்ரேமா. "நேரமாச்சு. நீங்க உள்ள வராம நான் மட்டும் போய் என்ன சொல்லுவேன்?"

"குப்பையிலயா? நம்ம பெரியவங்க மூஞ்சியில எறிஞ்ச மாதிரி ஆயிடாது?"

கொனாடு வரிசையை விட்டு விலகி வெளியே நடந்தாள். நடைபாதை ஓரத்தில் இலை உதிர்ந்த ஒரு மரம் நின்றது. அதன் அடியில் போய் நின்று, மூடியில் கை வைத்தாள்.

ஃப்ரேமாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இடத்தையும் வரிசையையும் விட்டு ஓடி வந்தாள்.

"வேண்டாம்மா! அதைத் தெறக்காதீங்க. நான் திரும்பி ஊருக்கே போனாலும் போறேன்."

ஊரில் கல்யாணம் முறிந்தால் பரிச பாட்டில் வைத்த வீட்டுக்கே திரும்பி வரும். வந்த பாட்டிலை உடனே யாரும் திறக்கமாட்டார்கள். திறந்து ஊற்றினால் அறுந்தது அறுந்ததுதான், அதற்குமேல் பேச்சில்லை. நீதிமன்றம் விவாகரத்துத் தீர்ப்புச் சொல்லி ஒரு வருடம் ஆகியும் இந்த பாட்டில் கொனாடுவின் அலமாரியில் முத்திரையோடு இருந்தது.

"உன்னை ஊருக்கு அனுப்பிட்டு இதை வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்றாள் கொனாடு. மூடியைத் திருகினாள்.

மரத்தடியில் ஜின் கொட்டியது. போகிறவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தன் ஊர்ப் பெரியவர்களைப் பெயர் பெயராகக் கூப்பிட்டாள்.

"கேட்டுக்குங்க. கட்டினதும் நெசம். அறுத்ததும் நெசம். பொய் சொன்னவன் யாருன்னு உங்களுக்குத் தெரியும். இவளைத் தொந்தரவு பண்ணாம விடச் சொல்லுங்க."

கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். காலி பாட்டிலைக் கொண்டுபோய் அந்தக் காவலாளி பார்க்க குப்பைத்தொட்டியில் போட்டாள்.

அவன் இருவரையும் வரிசையின் முன்னால் விட்டான். ஃப்ரேமாவின் கடிதத்தைப் பார்த்துவிட்டு, கொனாடுவின் பெயரைப் பதிவேட்டில் எழுதினான்.

"சாட்சியா வந்திருக்கீங்க. இவங்களுக்கு நீங்க அம்மாதானே?"

ஃப்ரேமா அழுதுகொண்டிருந்தாள். கொனாடு அவள் கையைப் பிடித்தாள். பிறகு, இன்னும் ஜின் வாடை போகாத தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"கொஞ்ச முன்னாடி வரைக்கும் மாமியார் தம்பி" என்றாள். "இப்ப அந்தப் பொய் சொன்னவனைப் பெத்தவ மட்டும்தான். அப்படியே எழுதிக்க."