சிங்கத்துக்கு முட்டைக்கோஸ்

கலாவதி கடை வாசலில் நாற்காலி போட்டு ஏறி, சிவப்பு நூலில் முட்டைக்கோஸைக் கட்டித் தொங்கவிட்டாள்.

மகள் வெண்பா உள்ளேயிருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, ப்ளீஸ்... நாட் திஸ் இயர்."

கலாவதி காதில் வாங்கவில்லை. முடிச்சை இறுக்கினாள்.

சீனப் புத்தாண்டுக்கு, அமெரிக்காவில் மில்பிடாஸ் நகரின் அந்த பிளாசா முழுக்கக் கடை வாசல்களில் லெட்டூஸ் கீரை தொங்கும். தலைக்குள் ஒருவர், வாலுக்குள் ஒருவராக இரண்டு பேர் புகுந்த துணிச் சிங்கம் மேளத்தோடு ஆடி வந்து ஒவ்வொன்றையும் கவ்வி, பிய்த்து, இலைகளை நாலாபக்கமும் துப்பும். துப்பினால் கடைக்கு அந்த வருஷம் நல்லது. இட்லி மாவும் தேங்காய் பர்பியும் விற்கிற கடைக்கு மட்டும் நல்லது கசக்குமா?

முதல் வருஷம் ஆசை ஆசையாகத் தொங்கவிட்டாள், முட்டைக்கோஸை. பச்சையாக, உருண்டையாக இருந்தது. அவள் அவ்வளவுதான் பார்த்தாள்.

சிங்கம் கடித்தது, இழுத்தது, தலையை உதறிப் பார்த்தது. ஓர் இலை வர வேண்டுமே!

அப்போதுதான் சிங்கத்தின் பின்பாதிக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. அவள் மகன் இனியன். அடக்கமாட்டாமல், குலுங்கிக் குலுங்கி. சிங்கம் பின்பக்கத்தால் சிரித்ததை அந்த பிளாசா அன்றைக்குத்தான் பார்த்தது.

அடுத்த வருஷங்களில் ஒழுங்காக லெட்டூஸ் வாங்கினாள். இந்த முறை தெரிந்தேதான் முட்டைக்கோஸ்.

தலைக்குள் ஆடுகிறவன் இனியனின் கூட்டாளி கெவின். எல்லோரும் தலையைத்தான் படம் எடுப்பார்கள். வாலுக்குள் குனிந்தே ஆடுகிறவனை யார் பார்க்கிறார்கள்? கலாவதி பார்ப்பாள். அந்த மஞ்சள் சடைக் கால்சட்டையை ஓரம் பிரித்து இறக்கித் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். பிள்ளை அவ்வளவு உயரம்.

இந்த வருஷம் உங்கள் கடையை விட்டுவிடட்டுமா என்று குழுவின் மாஸ்டர் போன் செய்து கேட்டார். கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். இன்னொரு தடவை, ஒரே ஒரு தடவை.

மேளம் நெருங்கியது. பின்னாலேயே வந்த கூட்டம் முட்டைக்கோஸைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

சிங்கம் எம்பிக் கவ்வியது.

கடிக்கவில்லை, இழுக்கவில்லை. கவ்வியபடியே நின்றது. மேளக்காரர் அடிப்பதை நிறுத்தினார்.

கலாவதி பின்பாதிப் பக்கம் போய்க் குனிந்து காதைக் கொடுத்தாள்.

சிரிப்பு வரவில்லை. தலைக்குள் கெவின் தேம்புவதுதான் கேட்டது.

பின்னங்கால்களில் கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தார்கள்.

"கெவின்? வாட்ஸ் ராங்?"

பின்பாதிக்குள்ளிருந்து புதுக் குரல். இனியனின் சாம்பலைக் கடலில் கரைத்த பிறகு குழுவில் சேர்ந்த பையன். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

கலாவதி சிங்கத்தின் முதுகில் கை வைத்தாள். துணிக்கு அடியில் அந்த முதுகு சூடாக இருந்தது.

"ஒண்ணுமில்ல கண்ணு," என்றாள். "நீ ஆடு."