எலி ஒட்டிய பூனை

பழைய பேப்பர் கடையில் ஒரு எலி இருந்தது. யார் யாரோ எடுத்துக் கழித்துப்போட்ட போட்டோக்களைக் கடித்து வெட்டிப் பூனைப் படம் ஒன்று ஒட்டியது. கண்ணுக்கு, ஃபிளாஷ் பட்டுச் சிவந்த மாப்பிள்ளைக் கண். மீசைக்கு, யாரோ சித்தப்பாவின் மீசை. தொப்பைக்கு, லென்ஸை மறைத்த கட்டைவிரல்.

ஒட்டி முடித்த நேரம் பார்த்து, கடைப் பூனை வந்து எலியின் வாலை மிதித்துக்கொண்டது.

"ஏலே, எனக்கு இவ்வளவு பெரிய தொப்பையா? பிச்சிட்டுச் சின்னதா ஒட்டு, விட்டுடுதேன்."

எலி வாலை இழுத்துப் பார்த்தது; வரவில்லை. படத்தைப் பார்த்ததும் கழுத்து தானாக நிமிர்ந்தது.

"அண்ணாச்சி, என்னைத் தின்னாலும் தின்னுங்க. அதுல கை வைக்கமாட்டேன்."

பூனை படத்தை நெடுநேரம் பார்த்தது. காலை எடுத்தது.

சாயங்காலம் தெருப் பூனைகளெல்லாம் அங்கே கூடியிருந்தன.

"எட்டி நின்னு பாருங்கலே," என்றது கடைப் பூனை. "ஒட்டினவரு இவருதான். ஒரு பயலும் தொடப்படாது."