சம்மட்டி கை மாறுகிறது

இன்றைக்கும் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறினால் பெருமுக்கல் கல்குவாரியும் அந்த எண்பத்திரண்டாம் வருஷத்துக் காலை வெயிலும் வந்துவிடுகின்றன. வேப்பமரத்தடியில் ஸ்டவ் இரைகிறது. அதன்மேல் பாத்திரத்துத் தண்ணீரில் கண்ணாடி சிரிஞ்சுகள் கொதிக்கின்றன. பக்கத்துத் தெருவில் காலரா இரண்டு பேரைக் கொண்டுபோயிருக்கிறது. குவாரி ஆட்களுக்கு நர்சம்மா தடுப்பூசி போடுகிறார். மண்ணாங்கட்டி மட்டும் கையை நீட்டாமல் நிற்கிறான். "ஊசி போட்டா ரெண்டு நாளைக்குக் கை வீங்கிக்கினு கெடக்கும்ங்க. சம்மட்டிய ஒத்தக் கையில தூக்க முடியுமா? கல்லு ஒடைக்கலன்னா கூலி ஏது?" அவன் சம்மட்டி அடிக்கக் கல்லில் உளி பிடிக்கிற பெண்டாட்டி குப்பம்மாள் முந்தானையை இழுத்துச் செருகுகிறாள். "இவருக்குப் போடுங்கம்மா. சம்மட்டிய நான் அடிக்கிறேன், இவரு ஒத்தக் கையில உளி புடிக்கட்டும். இவரு கை தேறுனதும் எனக்குப் போடுங்க." "அதுக்குள்ள உனக்கு வாந்திபேதி வந்துட்டா?" என்கிறார் நர்சம்மா. "பசி இன்னிக்கே வந்துடும்மா." ஊசி இறங்குகிறது. மண்ணாங்கட்டி கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். "பாத்து அடிடி, என் கையில போட்டுடாத." குப்பம்மாள் சம்மட்டியைத் தூக்கிக் கனம் பார்க்கிறாள். கல்தூசி படிந்த முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. "ஊசிக்கே கண்ண மூடற ஆளு, சம்மட்டிக்கு மூடாம இருய்யா."