வாத்துக்கு நெஞ்சுவலி

"பிழைச்சிருவார்ல, சிஸ்டர்?" எவான்ட்ரோவின் குரல் உடைந்தது. பக்கத்தில் டார்சியோ பூங்கொத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். ஜெனிவால் சுவரில் தொங்கிய மாதா படத்தின் முன்னால் மண்டியிட்டே விட்டான்.

நர்ஸ் மார்லூசியாவுக்குக் கண் கலங்கியது. பிரேசிலின் உபெராபா ஊர் ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறாள். உயிலைப் பற்றிக் கேட்கிற பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள்.

"அடைப்பை எடுத்தாச்சு. தெளிவாப் பேசறார். மூணு தங்கமான பிள்ளைங்க, குடுத்து வெச்ச மனுஷன்!"

"பிள்ளைங்க இல்ல சிஸ்டர், சும்மா பழக்கம்" என்றான் எவான்ட்ரோ.

"வலது கை அசையுதா?" டார்சியோ முந்திக்கொண்டான். "முக்கியமா அந்தக் கட்டைவிரல்?"

"எல்லாம் அசையுது. டாக்டர் உள்ள இருக்கார், வந்ததும் கூப்பிடறேன்."

அவள் கதவைச் சாத்தியதும் எவான்ட்ரோ ஜெனிவாலைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். "எழுந்திருடா. செய்யறதையும் செஞ்சுட்டு வேண்டுதல் வேற!"

மூவருக்கும் தொழில் போக்கர் சீட்டாட்டம். ஃபோனில் ஒரு மூடிய கிளப்; திரையில் தெரிகிற மேஜைகளில் அறுபது பேர் பணம் கட்டி ஆடுகிறார்கள். 'கருங்காளை' என்ற பெயரில் அதை நடத்துகிற முதலாளியின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் குவிகிற பணத்தில் நூற்றுக்கு ஐந்து அவருக்குப் போய்விடும்.

உள்ளே படுத்திருக்கும் ஒலாவோ, மாட்டுத் தீவன வியாபாரி. வயது எழுபது. என்ன சீட்டு வந்தாலும் பணத்தைக் கட்டுவார், கேட்டால் இன்னும் கட்டுவார். இப்படிப்பட்டவருக்கு இவர்கள் பாஷையில் பெயர், வாத்து. வாரத்துக்கு நாலாயிரம் ரெயாலாவது தோற்பார். அவர் மேஜையில் இடம் கிடைக்காதவர்கள் பக்கத்து மேஜைகளில் ஒருவரையொருவர் தின்றுகொண்டு காத்திருப்பார்கள்.

எவான்ட்ரோ கட்டுப்பாட்டுக்குப் பேர் போனவன். கையிருப்பை இருபது பங்காக்கு, ஒரு மேஜைக்கு ஒரு பங்குக்கு மேல் வைக்காதே, மூன்று போனால் எழுந்துவிடு என்று மற்றவர்களுக்கு வகுப்பே எடுப்பான். அந்த இருபது பங்கும் ஒரு கிழவரின் இதயத்தை நம்பித்தான் இருந்தன என்பது அவனுக்கு உறைத்ததே இல்லை.

மரியாதைக்கும் சட்டம் உண்டு. வாத்தைத் திட்டக் கூடாது. அது அசட்டுத்தனமாக ஆடி ஜெயித்தால் மேஜையின் சாட்டில் 'அபாரம்!' என்று எழுத வேண்டும். அதனிடம் ஜெயித்த கையோடு எழுந்து ஓடக் கூடாது. அரைமணி நேரமாவது உட்கார்ந்து மாடு கன்றை விசாரிக்க வேண்டும்.

திங்கட்கிழமை கடைசிச் சீட்டில் ஆயிரத்து இருநூறை ஒலாவோவிடம் கோட்டை விட்ட ஜெனிவால், அத்தனை பேரும் பார்க்க எழுதிவிட்டான்: 'உனக்குச் சீட்டாடக் கத்துக்குடுத்தது உன் கடைக்கு வர்ற மாடா?'

செவ்வாய்க்கிழமை காலையில் ஒலாவோவுக்கு நெஞ்சுவலி.

"ஒரு வரிதாண்ணே எழுதினேன்..."

"அந்த ஒரு வரியில அறுபது பேர் சோத்துல மண்ணு விழுந்துச்சு! செவ்வாய்க்கிழமையிலேருந்து கிளப்பே பூட்டிக் கிடக்கு. முதலாளிக்கு நாலு தடவை மெசேஜ் போட்டுட்டேன், பதிலே இல்ல."

"வாத்து இல்லாம கடையைத் திறந்து அவரும்தான் என்ன பண்ணுவார்?" என்றான் டார்சியோ.

"மனுஷன் ரோஷப்பட்டு விளையாட்டையே விட்டுட்டார்னா நாம தீர்ந்தோம். பத்தாம் தேதி வாடகை கட்டணும், பெரியவளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். பிரேசில் முழுக்கத் தேடினாலும் இன்னொரு ஒலாவோ கிடைக்க மாட்டார். உள்ள போனதும் கால்ல விழு. அழுகை வரலைன்னா சொல்லு, நான் கிள்ளறேன்."

கிள்ள வேண்டிய அவசியம் வரவில்லை. தலையணையில் சாய்ந்து பப்பாளித் துண்டு தின்றுகொண்டிருந்தவரைப் பார்த்ததுமே ஜெனிவாலுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.

"மன்னிச்சிருங்கய்யா. நான் ஒரு மடையன்."

"அட, எழுந்திருப்பா! விளையாட்டுன்னா வாய் நீளத்தான் செய்யும். அன்னிக்கு நான் ஆடினதும் மட்டமான ஆட்டம்தான்."

"சேச்சே, அபாரமான ஆட்டம்!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

எவான்ட்ரோ கட்டிலை நெருங்கினான். "நீங்க இல்லாம மேஜையே களையா இல்லைய்யா. கொஞ்சம் பணம் போகுதேன்னு மட்டும் விட்டுடாதீங்க."

"எதுக்கு விடணும்? அதுக்குன்னே மாசாமாசம் ஒரு தொகை ஒதுக்கி வெச்சிருக்கேன். அதுக்கு மேல ஒரு காசு தோக்க மாட்டேன், அதுக்குக் கீழயும் நிறுத்த மாட்டேன்."

எவான்ட்ரோ டார்சியோவைப் பார்த்துக் கண்ணடித்தான். சம்பளத்தை மாதாமாதம் எண்ணி வைக்கிற முதலாளி போல் அல்லவா இருக்கிறார் கிழவர்!

"அப்போ எப்பய்யா வருவீங்க?"

"வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்துடலாம்."

எவான்ட்ரோவுக்கு மூச்சு வந்தது. வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் மறுபடி உயிர்த்தெழுந்தன. உருகிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கட்டைவிரல் நன்றாகவே அசைந்தது.

"ஆஸ்பத்திரிக்கு நிறைய செலவாகியிருக்கும். எங்களால ஆனது ஏதாவது செய்யணும்னா கூச்சப்படாம சொல்லுங்கய்யா."

ஒலாவோ பப்பாளித் தட்டை நகர்த்தி வைத்தார். மேஜை டிராயரிலிருந்து ஃபோனை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாக எதையோ தட்டினார். பிறகு நிமிர்ந்து மூவரையும் வாஞ்சையோடு பார்த்தார்.

"வெள்ளிக்கிழமையிலேருந்து கிளப்புல என் பங்கு நூத்துக்கு அஞ்சு இல்ல பசங்களா, ஏழு."