நாலு விரல் கீழே

மணி அலறியது.

அழுத்தியவர் நர்ஸ். காலைக் காட்ட மறுபடி வந்த டெய்லரின் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு ஒரு நொடி பார்த்தார். அடுத்த நொடி, கட்டிலுக்கு மேலே இருந்த பொத்தானில் கை வைத்துவிட்டார்.

டெய்லரின் வலது கால், பாதத்திலிருந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை, சுட்ட செங்கல் நிறத்தில் வீங்கியிருந்தது. கெண்டைக்காலைச் சுற்றி ஒரு கறுப்புப் பேனாக் கோடு. சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி நான்கு விரல் மேலே போயிருந்தது.

ஓடி வந்த இளம் டாக்டர் கோப்பைப் புரட்டினார். முந்தைய நாள் பெரிய டாக்டரின் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: சிவப்பு முடியும் இடத்தில் கோடு போடப்பட்டது.

"ஒரே நாள்ல நாலு விரலா?" என்றார் இளம் டாக்டர். பெரிய டாக்டர் அன்று விடுப்பு.

டெய்லர் மனைவியைப் பார்த்தார். அவள்தான் மாத்திரைப் பையைத் தூக்கிக் காட்டினாள்.

"வேளை தவறாம குடுத்தேன் டாக்டர். ரெண்டு தலகாணி போட்டு அது மேலதான் காலை வெச்சிருந்தாரு."

ஐந்து நாட்களுக்கு முன் சின்ன அரிப்பாகத்தான் ஆரம்பித்தது. எட்டுக்கால் பூச்சி என்றார் எதிர்க்கடைக்காரர். புது சாக்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றான் மச்சான். உடம்புச் சூடு என்றாள் மாடிவீட்டு அம்மா. ஆளுக்கொரு களிம்பு கொடுத்தார்கள். மூன்றையும் கால் பாரபட்சமில்லாமல் வாங்கிக்கொண்டது. சிவப்பும் பாரபட்சமில்லாமல் ஏறியது.

நேற்று பெரிய டாக்டர் களிம்புகளை ஓரமாக ஒதுக்கி வைத்தார். கடைசி இரண்டு விரல்களைப் பிரித்து, இடுக்கில் இருந்த சின்ன வெடிப்பைக் காட்டினார். கிருமி நுழைந்த வாசல் அதுதான். ஏழு நாளைக்கு மாத்திரை. விரல் இடுக்கில் ஈரம் கூடாது. காலைத் தொங்கப்போடக் கூடாது. சொல்லி முடித்து, பேனாவை எடுத்துக் காலைச் சுற்றி ஒரு கோடு இழுத்தார்.

"நாளைக்கு வாங்க, பாத்து முடிவு பண்ணலாம்" என்று டெய்லரிடம் சொன்னார். சிவப்பு கோட்டைத் தாண்டினால் அட்மிட் செய்து ஊசி போட வேண்டிவரும் என்ற மீதியை, வெளியே மருந்துச் சீட்டு வாங்க வந்த மனைவியிடம் சொன்னார்.

அவள் அதை வீட்டில் சொல்லவில்லை. நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிற மனிதர், ஆஸ்பத்திரி ஊசியைக் கண்டால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். எதற்கு வீணாக அவரைக் கலவரப்படுத்த வேண்டும்?

இளம் டாக்டர் காய்ச்சல் பார்த்தார். இல்லை. நாடி பார்த்தார். சரியாக இருந்தது. காலை அழுத்திப் பார்த்தார். நேற்றைய குறிப்பில் இருந்த அளவுக்கு வலி கூட இல்லை. ஆனால் கோடு பொய் சொல்லாது.

"சர்ஜனைக் கூப்பிடுங்க சிஸ்டர். ஆபரேஷன் தியேட்டரையும் தயாரா வைக்கச் சொல்லுங்க."

டெய்லர் தலையாட்டினார். அளவு கொடுத்த துணி ரெடியாகிவிட்டது என்று கேள்விப்பட்டவர் மாதிரி ஆட்டினார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"ஏறுது, வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் அவள். குரல் பாதியில் உடைந்தது. கடிகாரத்தை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நர்ஸ் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஸ்பிரிட் பஞ்சால் காலைத் துடைத்தார். துடைத்த கை நடுவில் நின்றது.

டாக்டர்கள் போடும் கோடு நெளியும். பெரிய டாக்டருடையது மண்புழு போலவே இருக்கும். இந்தக் கோடு எங்கும் பிசகாமல் காலைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே மயிரிழை விலகாமல் சேர்ந்திருந்தது.

நர்ஸ் குனிந்து பார்த்தார். நான்கு விரல் மேலே, தேய்த்துக் கழுவிய தோலில், மங்கலாக ஒரு மண்புழு.

சிவப்பு அதைத் தொடவே இல்லை. ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது.

"வேணாம் சார், தப்பா கூப்பிட்டுட்டோம்" என்று நர்ஸ் போனை வைத்தார். இளம் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மாத்திரை வேலை செய்கிறது, காலுக்கு ஒன்றும் ஆகாது என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். அவளுக்கு அழுகை போய்க் கோபம் வந்தது.

"இதுக்குத்தான் காலைல ஒரு மணி நேரம் பாத்ரூம்ல தாழ்ப்பாளா? ஏங்க, உங்களைத்தான்."

டெய்லர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்மிட் பண்ணிடுவோம்னு பயந்து அழிச்சிருக்கீங்க, சரி" என்றார் நர்ஸ். "ஏமாத்தறவங்க கோட்டை மேல தள்ளித்தானே போடுவாங்க? நீங்க ஏன் கீழ போட்டீங்க?"

டெய்லர் சுருட்டிய பேண்ட்டின் மடிப்பை விரலால் நீவிவிட்டார். பிறகு, பேரம் படியாத கடையில் கடைசி விலை சொல்கிறவர் போல, மெதுவாகச் சொன்னார்.

"கோடு போட்ட இடத்துலதானேம்மா வெட்டுவீங்க? நாலு விரல் மிச்சமானா, கட்டைக்காலைக் கட்டிக்கிட்டாவது நின்னு வேலை செய்யலாமேன்னுதான் இறக்கிப் போட்டேன்."